தலையெழுத்தல்ல, தழும்பு!

தலையணை உறைக்குள் நான்கு இட்லிகள்! காய்ந்து, கறுத்து, எறும்பு மொய்த்த நான்கு இட்லிகள்!

ஒளித்து வைத்தவள் ஏழு அகவை நிரம்பாத சிறுமி. இல்லத்திலிருந்து அவளைத் தத்தெடுத்து அழைத்து வந்து மூன்று திங்கள் ஆகின்றன. அந்த வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கேட்டால் கொடுக்கத் தாய் இருக்கிறாள். கேட்காமலே கொடுக்கத் தந்தை இருக்கிறார். ஆயினும் அவள் எடுக்கிறாள், ஒளிக்கிறாள். "எடுத்தாயா?" என்று கேட்டால், இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே "நான் எடுக்கவில்லை" என்கிறாள். தட்டிக் கொடுக்கக் கை நீட்டினால், அடி விழப் போகிறதென்று தலையை மறைத்துக்கொள்கிறாள். இரவில் அலறி எழுகிறாள். பகலில் காரணமின்றிச் சீறுகிறாள்.

கூடுகிறது குடும்ப மன்றம். வழங்கப்படுகின்றன தீர்ப்புகள்.

"எந்த வயிற்றுப் பிள்ளையோ, என்ன இரத்தமோ! தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள்?" என்கிறார் அத்தை.

"அது அவள் தலையெழுத்து. பெற்றவளையே விழுங்கிவிட்டு வந்தவள்தானே!" என்கிறார் பாட்டி.

"பாலும் சோறுமாகக் கொட்டி வளர்க்கிறோம். துளியாவது நன்றி இருக்கிறதா பார்!" என்கிறார் பெரியப்பா.

நான்காவதாக ஒரு குரல் எழுகிறது. தாழ்ந்த குரல், தயங்கிய குரல்: "திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?"

கதவுக்குப் பின்னால் நின்று, அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் சிறுமி.

தோழர்களே! இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அன்று. பல வீடுகளின் சாயல்களைச் சேர்த்து நான் தீட்டிய படம். ஆனால், அந்த நான்காம் குரல் கற்பனை அன்று. தத்து முறிந்து குழந்தை திரும்பி வரும் நிலைக்கென்று, 2022ஆம் ஆண்டின் தத்து ஒழுங்குமுறை விதிகளே தனி இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. நடக்காத ஒன்றுக்கா விதி எழுதுவார்கள்? ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தையை இரண்டாம் முறையும் கைவிடத் துணியும் அளவுக்கு நல்லவர்களைத் தள்ளுவது எது? குழந்தையின் குற்றமா? அல்லது, அந்தக் குழந்தையைப் படிக்கத் தெரியாத நம் அறியாமையா?

மூன்று தீர்ப்புகளையும் பகுத்தறிவு மன்றத்தில் நிறுத்துவோம். ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதலில் இரத்தம்!

இரத்தத்தில் குணம் ஓடுகிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று; பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த பழைய சரக்கு. இந்த நாட்டின் பழைய தத்துச் சட்டமே அந்தச் சரக்கில்தான் கட்டப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, இந்து சட்டத்தின்படித் தத்தெடுக்கப்பட வேண்டியது ஆண் பிள்ளை. அதுவும் அதே சாதிப் பிள்ளை. எதற்காக? நீர்க்கடன் செய்ய, கொள்ளி வைக்க, 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்ற! குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கவலை அன்று. செத்தவருக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்பதே கவலை. இன்னும் கேளுங்கள் கொடுமையை: பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு மட்டுமே என்று விதித்திருந்ததால், தாயும் தந்தையும் இல்லாத அனாதையைத் தத்தெடுக்கவே முடியாது, வழக்காறு இடம் கொடுத்த சில இடங்கள் நீங்கலாக! எந்தக் குழந்தைக்கு வீடு மிகவும் தேவையோ, அந்தக் குழந்தைக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது.

1956இல் சாதி நிபந்தனை போயிற்று. பெண் குழந்தைக்கும் வழி பிறந்தது. ஆனால், சட்டத்திலிருந்து துரத்தப்பட்ட இரத்தம், அத்தையின் வாயில் பழமொழியாகக் குடியிருக்கிறது!

"நூலைப் போல சேலை" என்கிறீர்களே, தறியை மறந்தீர்களே! ஒரே நூலை இரண்டு தறிகளில் நெய்து பார்த்த கதை ஒன்று உண்டு. ருமேனியா நாட்டில் 1966இல் சௌசெஸ்குவின் ஆட்சி கருக்கலைப்பைத் தடை செய்தது. நாட்டுக்கு மக்கள்தொகை வேண்டுமாம்! பெற்றவர்களால் வளர்க்க இயலாத குழந்தைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்தபோது, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் விடுதிகளில் கிடந்ததை உலகம் கண்டது. சோறு உண்டு, கூரை உண்டு, கட்டில் உண்டு. அழுதால் தூக்கக் கை இல்லை.

2000ஆம் ஆண்டையொட்டி, சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள், புக்காரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு திங்கள் முதல் முப்பத்தொரு திங்கள் வரை அகவையுடைய மழலைகள். சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கி, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள்; மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பில் இருந்தார்கள். குலம் பார்த்துப் பிரிக்கவில்லை. குணம் பார்த்துப் பிரிக்கவில்லை. நூல் ஒன்றே, தறி மட்டுமே வேறு!

மூன்றரை அகவையில் அறிவுத்திறனை அளந்தார்கள். விடுதிக் குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ 77. வளர்ப்புக் குடும்பத்துக் குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ 86. பெற்றோருடனேயே வளர்ந்த குழந்தைகளுக்கு 103. இரண்டு அகவைக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள், பின்னர் கிடைத்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 2007இல் இந்த முடிவு வெளியாயிற்று.

77ஐ 86 ஆக்கியது எது? இரத்தமா? இல்லை. மடியில் இருத்திய கை. பெயர் சொல்லி அழைத்த வாய். அழுதபோது ஓடி வந்த கால். அதே வேளையில், 86க்கும் 103க்கும் இடையே இருக்கும் பள்ளத்தையும் மறைக்க நான் விரும்பவில்லை. அன்பு மந்திரக்கோல் அன்று. இழந்தது முழுவதும் ஒரே நாளில் திரும்பிவிடாது. பகுத்தறிவாளன் விதியை நம்பக் கூடாது. அற்புதத்தையும் நம்பக் கூடாது.

அடுத்து, தலையெழுத்து!

தலையில் எழுத்து எதுவும் இல்லை. ஆனால், தலைக்குள்ளே ஒரு தழும்பு உண்டு. மூளையில், பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தை அறிவிக்கும் மணி அது. மணி அடித்தால் உடலில் அட்ரினலினும் கார்ட்டிசோலும் பெருகும், நெஞ்சு படபடக்கும், ஒன்று சண்டையிடு, அல்லது ஓடு, அல்லது உறைந்து நில் என்று உடல் கட்டளை பெறும். அடியும் பசியும் பிரிவும் நாள்தோறும் கண்ட குழந்தைக்கு, அந்த மணி சிறிய ஓசைக்கும் அடிக்கும். கதவு சாத்தும் சத்தம், உயர்ந்த குரல், தாமதமாகும் உணவு, இவை போதும்! மணி அடிக்கும் வேளையில், எண்ணிப் பார்க்கும் மூளைப் பகுதி பின்வாங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தைக்கு நீதி போதிப்பது, வீடு பற்றி எரியும்போது திண்ணையில் அமர்ந்து இலக்கணம் நடத்துவதை ஒக்கும்.

இப்போது இட்லியைப் பாருங்கள். நேற்றுவரை, நாளைக்குச் சோறு உண்டா என்று தெரியாமல் வாழ்ந்தவள், இன்று கிடைத்ததில் நாளைக்கென்று எடுத்து வைத்தாள். இது திருட்டா? பஞ்சத்தில் பிழைத்தவளின் அறிவு! "நான் எடுக்கவில்லை" என்றாளே, அது பொய்யா? உண்மை சொன்ன நாளில் அடி வாங்கியவள் கட்டிக்கொண்ட கவசம்! சீறினாளே, அது திமிரா? "நீங்களும் என்னைத் துரத்துவீர்கள், எப்போது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று அவள் கேட்கும் கேள்வி! முன்பு அவள் உயிரைக் காத்த பழக்கங்கள் இவை. இன்று தேவையில்லை என்பது நமக்குத் தெரியும். அவள் உடலுக்கு இன்னும் தெரியாது. தெரிய வைப்பதே வளர்ப்போரின் வேலை.

பிரசவத்தில் தாய் இறந்தால், குற்றவாளி மருத்துவ வசதி இல்லாத சிற்றூரா, மூச்சு விடவும் தெரியாத பச்சிளம் சிசுவா? "தாயை விழுங்கியவள்" என்று ஒரு குழந்தையின் காதில் ஓதுகிறவர்கள், கோள்களின் மேல் பழி போட்டுத் தங்கள் நாவுக்கு விடுதலை வாங்குகிறார்கள். அந்தச் சொல் குழந்தையின் நெஞ்சில் எழுதப்படுகிறதே, அதுதான் தலையெழுத்து! எழுதியவன் பிரமன் அல்லன், எதிர் வீட்டுக்காரர்.

மூன்றாவது, நன்றி!

"சோறு போட்டோமே, போதாதா?" என்கிறார் பெரியப்பா. போதாது ஐயா! அமெரிக்காவில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஹாரி ஹார்லோ என்ற அறிஞர் 1958இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு முன்னால் இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று கம்பியால் ஆனது. அதில் பால் வரும். மற்றது மென்துணி போர்த்தது. அதில் பால் இல்லை. குட்டிகள் பாலுக்காகக் கம்பித் தாயிடம் சென்று, குடித்து முடித்ததும் துணித் தாயைத் தாவி அணைத்துக்கொண்டன. நாளின் பெரும்பகுதியும் அங்கேதான்! அந்தக் குட்டிகளுக்கு இழைக்கப்பட்டது கொடுமையே, ஐயமில்லை. ஆனால், அக்கொடுமை உரைத்த பாடம் இது: பால் தருவதால் மட்டும் தாய் ஆகிவிட முடியாது. நன்றி கேட்டு நிற்கும் வீடு, பால் தரும் கம்பிக்கூடு!

அந்தச் சிறுமி விண்ணப்பம் போட்டா உங்கள் வீட்டுக்கு வந்தாள்? நமக்கு அது குழந்தை வந்த திருநாள். அவளுக்கோ, பழகிய இல்லம், பக்கத்துப் படுக்கைத் தோழி, தெரிந்த ஆயா, அத்தனையையும் ஒரே நாளில் இழந்த நாள். மகிழ்ச்சியும் துக்கமும் ஒரே வாசலில் நுழைந்தன. துக்கம் கொண்டாட அவளுக்கு உரிமை இல்லையா? நாம் தன்மானம் பேசுகிறவர்கள். தன்மானம் மீசை முளைத்தவர்களுக்கு மட்டும் உரியதா? "உன்னை எடுத்து வளர்த்தேனே!" என்று நாள்தோறும் நினைவூட்டப்படும் குழந்தை, வட்டி கட்டிக்கொண்டே இருக்கும் கடனாளி. கடனாளியிடம் அச்சம் பிறக்கும், அன்பு பிறக்காது.

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால், தன் பிள்ளை தானே வளரும்" என்று ஒரு பழமொழி. எவ்வளவு தயாளம்! ஊரான் பிள்ளைக்கு ஊட்டுவதும் தன் பிள்ளைக்கான முதலீடாம். அந்தப் பிள்ளைக்காகவே அந்தப் பிள்ளைக்கு ஊட்டக் கூடாதோ?

"இவையெல்லாம் வைதிகர் வீட்டுக் கதை, நமக்கென்ன?" என்று புன்னகைக்கிறீர்களா, இளைஞர்களே? பொறுங்கள். சாதகத்தைக் கிழித்தெறிந்த நம் வீடுகளிலும் பிரம்பு இன்னும் ஒடியவில்லை. "அடியாத மாடு படியாது" என்று, மேடையில் மனிதனைப் பாடுகிறவரே வீட்டில் மாட்டைப் பாடுகிறார்! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடியைத் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காப்பகத்தில் அடியைக் குற்றமாக்குகிறது. பள்ளியிலும் காப்பகத்திலும் ஆகாத அடி, வீட்டில் மட்டும் அன்பாகிவிடுமா? அடிபட்டு வந்த குழந்தைக்கு நீங்கள் கொடுக்கும் ஒரே ஓர் அடி, "இந்த வீடும் அந்த வீடே" என்று முத்திரை குத்தி முடித்துவிடும்.

ஆகவே, செய்ய வேண்டியது என்ன? மறுப்பது மட்டும் நம் வேலை அன்று. மாற்று வழி சொல்வதும் நம் கடமை.

உணவைத் தண்டனை ஆக்காதீர். "செய்தால்தான் சோறு" என்ற சொல் அந்த வீட்டில் ஒலிக்கவே கூடாது. ஒளித்து வைக்கும் குழந்தைக்கு, அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பா வையுங்கள், கடலையோ ரொட்டியோ நிரப்புங்கள், "இது உன்னுடையது, கேட்காமலே எடுக்கலாம், தீர்ந்தால் மீண்டும் நிரப்புவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நிரப்புங்கள். டப்பா ஓயாமல் நிறைந்தே இருப்பதை அவள் எத்தனையோ நாள் கண்ட பிறகுதான், தலையணை உறை காலியாகும்.

சொன்ன சொல் காப்பாற்றுங்கள். "கடைக்குப் போகிறேன், 6 மணிக்கு வருவேன்" என்றால், 6 மணிக்கு வாருங்கள். எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். அடுத்து நடக்கப் போவது என்னவென்று தெரிந்த குழந்தைக்குத்தான் அச்சம் குறையும்.

சீறும்போது நீங்கள் சீறாதீர். குரலைத் தாழ்த்துங்கள், அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து அமருங்கள், அருகிலேயே இருங்கள். முதலில் அமைதி, பிறகே அறிவுரை. தவறைத் தவறென்று சொல்லத்தான் வேண்டும்; உடைத்ததைச் சேர்ந்து ஒட்ட வைக்கத்தான் வேண்டும். ஆனால், "நீ கெட்டவள்" என்பது வேறு, "நீ செய்தது சரியல்ல" என்பது வேறு. தொட்டாலே நடுங்கும் குழந்தையைக் கேட்காமல் கட்டியணைக்காதீர்; அணைப்பும் அவள் விருப்பத்தோடு வரட்டும்.

உண்மையை மறைக்காதீர். தத்துப் பிள்ளை என்ற செய்தியை ஊரே அறியும், பிள்ளை மட்டும் அறியாது! திருமணப் பந்தலில் எவரோ உளறும்போது, ஒரு வாழ்க்கையின் அடித்தளமே சரிகிறது. சிறு அகவையிலேயே, அகவைக்கேற்ற சொற்களில், நீங்களே சொல்லுங்கள். அவள் பெயரை மாற்றி அவளை அழிக்காதீர். பெற்றவளைப் பழிக்காதீர்; வறுமையோ நோயோ ஊர்ப்பழியோ அவளை எங்கே தள்ளிற்றோ! பழைய கதையைச் சொல்லச் சொல்லிக் குடையவும் வேண்டாம். அவளாகச் சொல்ல வந்தால், வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வளர்ப்போரே, உங்களையும் கவனியுங்கள்! மூன்றாம் முறையாக நள்ளிரவில் எழுப்பப்பட்ட தாய்க்குச் சினம் வருவது இயல்பு. சினம் குற்றமன்று, உதவி கேட்க வெட்கப்பட்டு அதைக் குழந்தையின் மேல் கொட்டுவதே குற்றம். தந்தையும் தாயும் முறை மாற்றிக்கொள்ளுங்கள். "தாய்தானே பார்க்க வேண்டும்" என்று பத்திரிகைக்குள் முகம் புதைக்கும் தந்தையரே, பத்திரிகையை மடியுங்கள்! மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை நாடுங்கள். பூசாரியிடம் வேப்பிலை அடிக்கக் கொண்டுபோகாதீர். பேய் பிடித்த குழந்தை எவளும் இல்லை, பயம் பிடித்த குழந்தைகளே இருக்கிறார்கள்.

வீட்டுக்கு இவ்வளவு கடமை இருக்கும்போது, அரசுக்குக் கடமை இல்லையா? தத்தெடுத்த குடும்பத்தை ஆறு திங்களுக்கு ஒருமுறையென ஈராண்டுக் காலம் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்கிறது விதி. அந்த வருகை படிவம் நிரப்பும் வருகையாக முடிந்தால், இட்லியின் கதையை யார் கேட்பார்? தத்து அன்றி, ஒரு காலத்துக்கு மட்டும் குழந்தையைத் தம் வீட்டில் வைத்துப் பேணும் வளர்ப்புப் பராமரிப்பு முறையும் சட்டத்தில் உண்டு. 2024ஆம் ஆண்டின் நெறிமுறைகள், 35 முதல் 60 அகவைக்குட்பட்ட தனியர்க்கும் அக்கதவைத் திறந்திருக்கின்றன. மணமாகாதவர், துணையிழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் எவரும் வரலாம். ஈராண்டு பேணிய பின், அக்குழந்தையைத் தத்தெடுக்கவும் வழி செய்திருக்கின்றன. வாத்சல்யா திட்டத்தின் நெறிமுறைகள் குழந்தை ஒன்றுக்குத் திங்கள்தோறும் 4,000 ரூபாய் என்கின்றன.

பணம் தேவை, மறுக்கவில்லை. ஆனால், புக்காரெஸ்டில் வளர்ப்புப் பெற்றோருக்கு உதவித்தொகையோடு வேறொன்றும் கிடைத்தது. சமூகப் பணியாளர்கள் வீடு தேடி வந்தார்கள், தொல்லைகளைக் கேட்டார்கள், வழி சொன்னார்கள். நாம் கோருவதும் அதுவே. குழந்தை வருவதற்கு முன்பே வளர்ப்போருக்குப் பயிற்சி தருக! வந்த பின், நள்ளிரவிலும் அழைத்துப் பேச ஓர் ஆலோசகரைத் தருக! வளர்ப்போர் ஒருவரோடொருவர் கூடிப் பேச, மாவட்டந்தோறும் திங்களுக்கு ஒரு கூட்டம் நடத்துக! வெறுங்கையோடு குழந்தையை ஒப்படைத்துவிட்டு, முறிந்தபின் பெற்றோரைப் பழிப்பது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு அவன் மேல் வழக்குப் போடுவதாகும்.

இளைஞர்களே! நீங்கள் எல்லோரும் தத்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஆர்வத்தில் எடுக்கும் சபதம் அன்று. ஆனால், உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு குழந்தை வந்தால், "என்ன சாதி?" என்று கேட்கும் வாயை நீங்கள் அடைக்கலாம். அந்தத் தாய்க்கு ஒரு மாலை ஓய்வு தரலாம். நீங்கள் ஆசிரியரானால், "உன் அப்பா அம்மா படம் கொண்டு வா" என்று சொல்லுமுன் ஒரு நொடி எண்ணலாம். ஒரு குழந்தை துன்புறுவது தெரிந்தால், 1098 என்ற எண்ணை அழைக்கலாம். உங்கள் படிப்பகத்தில், அடுத்த கிழமையே, இதைப் பற்றி ஒரு கூட்டம் போடலாம்.

கதவுக்குப் பின்னால் அந்தச் சிறுமி இன்னும் நிற்கிறாள். அவளைப் பற்றி மூன்று தீர்ப்புகள் சொல்லப்பட்டுவிட்டன. நான்காவது குரலுக்கு விடை இன்னும் சொல்லப்படவில்லை. யாராவது ஒருவர் எழுந்து, கதவைத் திறந்து, குனிந்து அமர்ந்து சொல்ல வேண்டும்:

"உன்னை எங்கேயும் அனுப்பப் போவதில்லை. வா, இந்த டப்பாவை எங்கே வைக்கலாம் என்று நீயே சொல்."

அதைச் சொல்பவர் உங்கள் வீட்டிலிருந்து எழட்டும்!